கட்டளை போட்டால் போதுமா? பதிலைப் படிக்க வேண்டாமா?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பேச அழைத்தபோது செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். "நீங்க பண்ற வேலையைப் பத்திப் பேசுங்க. ஆனா தமிழ் இலக்கியம் படிச்சவங்களுக்கும் வணிகவியல் படிச்சவங்களுக்கும் புரியணுமுங்க" என்றார். நான் செய்கிற வேலை, நம் ஊர் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்குப் புரோகிராம் எழுதுவது. நூல் வாங்குவதில் தொடங்கி, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் வரைக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை எழுதி வைப்பதும், கேட்டபோது எடுத்துக் கொடுப்பதும்தான் அந்தப் புரோகிராம்களின் வேலை. எழுதி வைக்கிற இடத்துக்கு டேட்டாபேஸ் என்று பெயர். தரவுத்தளம் என்று நல்ல தமிழிலும் சொல்கிறோம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய விஷயம். புரோகிராம் டேட்டாபேஸுக்கு ஒரு கட்டளை போடுகிறது. டேட்டாபேஸ் ஒரு பதில் சொல்கிறது. அந்தப் பதிலைப் புரோகிராம் ஒழுங்காகப் படிக்கிறதா? இவ்வளவுதான் விஷயம். "இதுக்கு ஒரு பேச்சா?" என்று நினைக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் வாங்குகிறவருக்கும், சாயப் பில்லுக்குப் பணம் வருமா என்று காத்திருக்கிற பட்டறைக்காரருக்கும் இதில்தான் வாழ்வு இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

குடோனும் சீட்டும்

டேட்டாபேஸை ஒரு குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்டோர் கீப்பர் இருக்கிறார். வெளியாள் யாரும் உள்ளே போகக் கூடாது. சன்னல் வழியாகச் சீட்டுதான் கொடுக்க வேண்டும். அவர் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்.

இந்த ஏற்பாட்டுக்கு வழி வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த எட்கர் காட். 1970-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் முறைக்கு அடித்தளம். 1974-இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லினும் பாய்ஸும் சீட்டு எழுதுவதற்கு ஒரு மொழியை அமைத்தார்கள். அதுவே பின்னால் எஸ்.க்யூ.எல். ஆயிற்று. சரக்கு எந்த அலமாரியில் இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், தேடுவது அவர் பாடு.

இந்தச் சீட்டு மூன்று வகைப்படும். முதலாவது, "இதைச் செய்" என்கிற சீட்டு. புதிதாக எழுது, திருத்து, நீக்கு என்பவை இந்த வகை. இதற்கு வரும் பதில் ஒரே ஒரு எண்: எத்தனை வரிகளில் வேலை நடந்தது என்பது. இரண்டாவது, "ஒரு கணக்குச் சொல்" என்கிற சீட்டு. மொத்தம் எத்தனை கிலோ, கடைசி பில் நம்பர் என்ன என்பது போல. இதற்குப் பதில் ஒரு மதிப்பு. மூன்றாவது, "பட்டியல் கொடு" என்கிற சீட்டு. பதில் வரிவரியாக வரும்.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 2002-இல் வந்தபோது இந்த மூன்றுக்கும் மூன்று தனித்தனிப் பெயர் வைத்தார்கள். எக்ஸிக்யூட் நான்குவரி, எக்ஸிக்யூட் ஸ்கேலர், எக்ஸிக்யூட் ரீடர். ஜாவாவில் 1997-இல் வந்த ஜே.டி.பி.சி.யிலும், பைத்தானிலும், பி.எச்.பி.யிலும் பெயர் மாறலாம், சங்கதி இதுதான். மாணவர்களுக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் மனப்பாடமாகவே தெரியும். சீட்டுக் கொடுக்க எல்லாருக்கும் தெரிகிறது. பதிலைக் கையில் வாங்கிப் பார்ப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

"பதிவாகிவிட்டது" என்று யார் சொன்னது?

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். சாயத்துக்குப் போன துணி திரும்பி வந்துவிட்டது. டி.சி. நம்பரைத் தட்டி, வந்த எடையைப் பதிகிறார் நம் ஸ்டோர் பையன். புரோகிராம் "இந்த டி.சி. நம்பருள்ள வரியில் எடையை 282 என்று திருத்து" என்று சீட்டு அனுப்புகிறது. அவசரத்தில் பையன் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்தை அடித்துவிட்டான். அந்த நம்பரில் வரியே கிடையாது. ஸ்டோர் கீப்பர் என்ன செய்வார்? கோபித்துக்கொள்ள மாட்டார். பிழை என்றும் சொல்ல மாட்டார். "0 வரிகள் திருத்தப்பட்டன" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். அவரைப் பொறுத்தவரை இது பிழையே இல்லை. இல்லாத வரியைத் திருத்தச் சொன்னீர்கள், ஒன்றும் இல்லை, ஒன்றும் திருத்தவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் புரோகிராம் எழுதியவர் அந்த எண்ணைப் பார்க்காமல், அடுத்த வரியிலேயே "வெற்றிகரமாகப் பதிவானது" என்று திரையில் காட்டச் சொல்லியிருப்பார். பையன் திருப்தியாக வீட்டுக்குப் போவான். துணி குடோனில் இருக்கும். கணக்கில் சாயப்பட்டறையிலேயே இருக்கும்.

இது புது வியாதியும் அல்ல. இங்கே தலை நரைத்திருக்கும் நண்பர்களுக்கு ஃபாக்ஸ்ப்ரோ நினைவிருக்கும். 1992-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்குவதற்கு முன்பிருந்தே பலரும் அதில் கணக்கு எழுதினார்கள். அதிலே 'சீக்' போட்டுத் தேடிய பிறகு, 'ஃபவுண்ட்' என்று கேட்டுக் கிடைத்ததா என்று உறுதி செய்துகொண்டுதான் 'ரீப்ளேஸ்' போட வேண்டும். கேட்காமல் போட்டால், தேடியது கிடைக்காத நேரத்தில், கோப்பின் கடைசியைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு சத்தமில்லாமல் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். கருவி மாறியது, பழக்கம் மாறவில்லை.

இன்று இதன் விலை கூடிவிட்டது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாகிப் போக வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கணக்கிடப்படும். போனது வந்தது பற்றி ஐ.டி.சி. 04 என்ற படிவமும் கொடுக்க வேண்டும். நம் ஊரில் ஒரு பனியன் எத்தனை ஜாப் ஒர்க் வாசலை மிதித்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனை வாசலுக்கும் டி.சி. உண்டு. ஒரு 'ஓ' எழுத்தால், வீட்டுக்கு வந்துவிட்ட துணிக்கு வரி கேட்டு நோட்டீஸ் வரலாம்.

இதற்கு மருந்து என்ன? ஒரு வரி மாற வேண்டிய இடத்தில் பதில் 1 என்று வந்தால் மட்டும் "பதிவானது" என்று சொல்லுங்கள். 0 என்று வந்தால் "இந்த டி.சி. இல்லை, சரிபார்க்கவும்" என்று சொல்லுங்கள். 4,000 என்று வந்தால் யாரோ நிபந்தனையை எழுத மறந்துவிட்டார்கள்; உடனே ரத்து செய்யுங்கள். அந்த எண்ணிலும் நுணுக்கம் இருக்கிறது. மைசீக்வெலில் வழக்கமான அமைப்பில், ஏற்கெனவே 282 என்று இருக்கிற வரியில் மறுபடியும் 282 என்றே எழுதினால், மாறவில்லை என்பதால் 0 என்று சொல்லும். எஸ்.க்யூ.எல். சர்வரில் 'நோ கவுண்ட்' போட்டிருந்தால், எண்ணிக்கையே சொல்லாமல் கழித்தல் 1 என்று வரும். ஆகவே உங்கள் குடோன்காரர் எந்த வழக்கத்தில் பதில் சொல்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

எடை பூஜ்யமா, எடையே போடவில்லையா?

இரண்டாவது வகைக்கு வருவோம். ஒரு மதிப்புக் கேட்கிறோம். "குறிப்பிட்ட லாட்டில் எத்தனை கிலோ வந்தது?" என்று கேட்டால் மூன்று விதமான 'ஒன்றுமில்லை' வரலாம். அப்படி ஒரு லாட்டே இல்லை என்பது ஒன்று. லாட் இருக்கிறது, இன்னும் எடை போடவில்லை என்பது இன்னொன்று. எடை போட்டோம், பூஜ்யம் என்பது மூன்றாவது. டாட்நெட்டில் ஸ்கேலர் கேட்டால் முதலாவதற்கு வெறும் 'நல்' வரும். இரண்டாவதற்கு 'டிபி நல்' என்கிற வேறொரு பொருள் வரும். மூன்றாவதற்குத்தான் 0 வரும். ஜாவாவில் 'கெட் இன்ட்' போட்டு வாங்கினால், எடை போடாத இடத்திலும் 0 என்றே கையில் கொடுத்துவிடும். "நிஜமான பூஜ்யமா, காலியா?" என்று 'வாஸ் நல்' போட்டு நாம்தான் திருப்பிக் கேட்க வேண்டும். கேட்கிறவர்கள் குறைவு.

இதனால் என்ன குடி முழுகிப்போகிறது என்கிறீர்களா? கணக்கைப் பாருங்கள். ஒரு பட்டறைக்கு மூன்று லாட், லாட்டுக்கு 300 கிலோ வீதம் 900 கிலோ கிரே துணி அனுப்பியிருக்கிறோம். இரண்டு லாட் வந்துவிட்டது, ஒவ்வொன்றும் 282 கிலோ. அதாவது 100-க்கு 6 சேதாரம். மூன்றாவது லாட் இன்னும் பட்டறையில் காய்ந்துகொண்டிருக்கிறது, எடை போடவில்லை. புரோகிராம் காலியைப் பூஜ்யம் என்று படித்தால், போனது 900, வந்தது 564. சேதாரம் 37 சதவீதத்துக்கு மேல்! முதலாளி அதைப் பார்த்ததும், "பில்லை நிறுத்தி வை" என்பார். அந்தப் பக்கம் பட்டறைக்காரர் தன் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க அந்தப் பில்லை நம்பியிருப்பார். உறவு முறிகிறது. யார் மேலும் தப்பில்லை. காலியைப் பூஜ்யம் என்று படித்த ஒரு வரியின் மேல்தான் தப்பு.

இன்னொன்றும் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டலை டேட்டாபேஸிடமே கொடுத்துவிட்டாலும் தப்பிக்க முடியாது. 'சம்' என்று கேட்டால் அது காலியைத் தள்ளிவிட்டுக் கூட்டும். போனதில் மூன்று லாட்டையும், வந்ததில் இரண்டு லாட்டையும் கூட்டித் தரும். அதே 37 சதவீதம் வந்து நிற்கும். ஆகவே கேள்வியையே "எடை போட்டு முடித்த லாட்டுகளுக்கு மட்டும் போனதையும் வந்ததையும் சொல்" என்று கேட்க வேண்டும். சரியான பதிலுக்கு முன்னால் சரியான கேள்வி இருக்க வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். நொய்யல் கரையில் இருக்கிற நமக்கு அதன் அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நம் ஊர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, துணி வெளியூர்களுக்குப் போய்ச் சாயமேறி வந்தது. போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று துல்லியமாகத் தெரிந்த கம்பெனிக்கும் தெரியாத கம்பெனிக்கும் உள்ள வித்தியாசம் அந்த நாட்களில் நன்றாகவே தெரிந்தது.

கோன் நூலைப் போல ஒரு பட்டியல்

மூன்றாவது வகை, பட்டியல். ரீடர் என்பது கோனிலிருந்து நூல் உருவுவது மாதிரி. முன்னால்தான் போகும், பின்னால் சுற்ற முடியாது. ஒவ்வொரு வரிக்கும் "அடுத்தது" என்று கேட்க வேண்டும். முதல் வரிக்கே கேட்டால்தான் வரும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நினைவகத்தில் கொட்டாமல் வரிவரியாக எடுப்பதால், லட்சம் வரி இருந்தாலும் கம்ப்யூட்டர் மூச்சு வாங்காது. அது அதன் சிறப்பு.

ஆனால் ஒரு நிபந்தனை. நூல் உருவி முடிகிற வரைக்கும் அந்த மெஷின் உங்களுடையதுதான், வேறு யாரும் தொட முடியாது. முடித்ததும் மூடிவிட வேண்டும். டாட்நெட்டில் எஸ்.க்யூ.எல். சர்வருக்கு, தனியாக மாற்றாவிட்டால், ஒரு புரோகிராமுக்கு ஒரே நேரத்தில் 100 இணைப்புகள்தான் தொகுப்பில் இருக்கும். திறந்தவர் மூடாமல் போனால் ஒவ்வொன்றாகக் குறையும். திங்கட்கிழமை தெரியாது, புதன்கிழமை தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாப் பிரிவிலும் ஒரே நேரத்தில் சம்பளப் பட்டியல் எடுக்கும்போது 101-ஆவது ஆள் காத்துக் காத்து நின்று, கடைசியில் "நேரம் முடிந்தது" என்று பதில் வரும். உடனே "சர்வர் பத்தலைங்க, புதுசு வாங்கணும்" என்று சொல்வார்கள். புது சர்வர் வாங்கினாலும் அடுத்த மாதம் இதே கதைதான். குழாயை மூடாத வீட்டில் தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன்? பிழை வந்தாலும் வராவிட்டாலும் மூடியே தீருகிற மாதிரி எழுதுங்கள். ஒவ்வொரு மொழியிலும் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள்.

அதேபோல், "எல்லாப் பத்திகளையும் கொடு" என்று நட்சத்திரக் குறி போட்டுக் கேட்டுவிட்டு, "மூன்றாவது பத்திதான் சம்பளம்" என்று எண்ணிப் படிக்காதீர்கள். நாளைக்கு யாராவது அட்டவணையை மாற்றி அமைத்தால் மூன்றாவதில் அட்வான்ஸ் வந்து உட்கார்ந்திருக்கும். வேண்டிய பத்திகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், பெயர் சொல்லியே படியுங்கள்.

ஒன்றரை ஷிப்ட் எங்கே போனது?

நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணமே இனிமேல் சொல்லப்போவதுதான்.

நம் ஊரில் ஒன்றரை ஷிப்ட் என்ற சொல் எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல். காலையில் வந்து ராத்திரி எட்டு மணி வரை இருந்தால் ஒன்றரை. வாரக் கடைசியில் ஒருவருக்கு ஏழரை ஷிப்ட், ஒருவருக்கு எட்டரை ஷிப்ட் என்று வரும். ஒரு கம்பெனியில், எழுதியவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டதால், பழைய புரோகிராமைப் பார்த்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நான் உட்கார்ந்திருந்தபோது செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற ஓர் அம்மா கையில் ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். "சார், என் நோட்டுல எட்டரை இருக்குதுங்க. கவர்ல எட்டுதானுங்க போட்டிருக்கு. மேனேஜர்கிட்டச் சொன்னா, கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுங்கறாரு" என்றார்.

நோட்டைப் பார்த்தேன். அஞ்சு நாள் ஒன்றரை, ஒரு நாள் ஒன்று. எட்டரைதான். டேட்டாபேஸைப் பார்த்தேன். அங்கேயும் எட்டரை என்றே இருந்தது. ஆக, குடோன்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வாங்கிப் படித்த இடத்தில், 'கன்வெர்ட் டு இன்ட் 32' என்று போட்டு முழு எண்ணாக மாற்றியிருந்தார்கள். அந்தக் கட்டளை அரையைச் சந்திக்கும்போது பக்கத்தில் இருக்கிற இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். விஷுவல் பேசிக்கின் 'சி இன்ட்'டும் அப்படித்தான். எட்டரை எட்டாகும், ஏழரையும் எட்டாகும், அரை ஷிப்ட் மட்டும் வந்தவருக்குப் பூஜ்யமாகும்.

ஏன் இப்படி வைத்தார்கள்? வங்கிக் கணக்குகளில் அரையை எப்போதும் மேலேயே தள்ளினால் மொத்தம் வீங்கிக்கொண்டே போகும். ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே தள்ளினால் மொத்தத்தில் சமமாகிவிடும் என்பதற்காக. இங்கேதான் ஆபத்து இருக்கிறது, நண்பர்களே! ஒரு ஷிப்டுக்கு 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழரை ஷிப்ட் பார்த்தவருக்கு 250 ரூபாய் கூடுதல். எட்டரை பார்த்தவருக்கு 250 ரூபாய் குறைவு. கூட்டிப் பார்த்தால் கம்பெனியின் மொத்தச் சம்பளச் செலவு ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். ஆடிட்டருக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரியாது. பேங்க் கணக்கிலும் தெரியாது. மொத்தத்தில் சரி, ஆளுக்கு ஆள் தப்பு. அதிக நேரம் நின்றவர் இழந்தார், குறைவாக நின்றவர் பெற்றார். அந்த அம்மாவின் நோட்டு ஒன்றுதான் சாட்சி.

அந்த ஒரு வரியைப் பதின்மமாகப் படிக்கும்படி மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய வாரங்களைத் திருப்பிக் கணக்குப் போட்டு, குறைந்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்க்க அந்த முதலாளிக்கு இரண்டு மாதம் பிடித்தது. கூடுதலாகப் போனதை அவர் திருப்பிக் கேட்கவில்லை. "ஆளுக நம்மள நம்பித்தானே கவரைப் பிரிச்சுப் பார்க்காம வாங்கிட்டுப் போறாங்க" என்றார். அவர் மனிதர்.

1984-இல் பஞ்சப்படிக்காக இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாள் கணக்கில் அடுப்பெரியாமல் இருந்து பெற்ற உரிமை அது. அப்படிப் பேசித் தீர்த்த கூலியை, யாரும் கேட்காமலே, யாருக்கும் தெரியாமலே ஒரு கட்டளை அரை அரையாக வெட்டிவிடக் கூடாது. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வேலை பார்ப்பவர்கள் ஏராளம். நம் கவரில் அச்சாகியிருக்கும் எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் உண்டு. அவர்களிடம் நோட்டு இருக்கும் என்று என்ன நிச்சயம்?

ஒரு மேற்கோள் குறியும் ஒரு மின்வெட்டும்

இன்னும் இரண்டு சங்கதி மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

நம் ஊர் ஆர்டரில் 'மென்'ஸ் டி-சர்ட்', 'பாய்'ஸ் போலோ' என்றுதான் ஸ்டைல் பெயர் வரும். நடுவில் ஒரு ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறதல்லவா? எஸ்.க்யூ.எல். சீட்டில் அதே குறிதான் சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும். பயனர் அடித்ததை அப்படியே சீட்டோடு ஒட்டி அனுப்பினால், 'மென்' என்றதுமே சொல் முடிந்தது என்று நினைத்து, மிச்சத்தைக் கட்டளையாகப் படிக்கப் பார்க்கும். பிழை வரும். உடனே "மேற்கோள் குறி போடாதீங்க" என்று டேட்டா என்ட்ரி பெண்ணுக்கு உத்தரவு போகும். தலைவலிக்குத் தலையணை மாற்றுகிற வைத்தியம்!

குறும்புக்காரன் ஒருவன் அதே இடத்தில் வேண்டுமென்றே ஒரு கட்டளையை நுழைத்தால் அதையும் ஸ்டோர் கீப்பர் நிறைவேற்றிவிடுவார். இங்கிலாந்தில் டாக்டாக் என்ற தொலைபேசி நிறுவனத்தில் 2015-இல் இந்த வழியாகத்தான் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் பறிபோயின. 2016-இல் 4 லட்சம் பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. இதற்கு மருந்து பல ஆண்டுகளாகவே இருக்கிறது. சீட்டில் இடம் விட்டுவிட்டு, மதிப்பைத் தனிக் கவரில் அனுப்புவது. பேராமீட்டர் என்பார்கள். கவரில் இருப்பதை ஸ்டோர் கீப்பர் வெறும் சரக்காகத்தான் பார்ப்பார். கட்டளையாகப் படிக்கவே மாட்டார். 'மென்'ஸ்' என்பதும் ஒழுங்காகப் போய்ச் சேரும், திருடனும் வெளியே நிற்பான்.

அடுத்தது மின்வெட்டு. 2012-இல் நாம் பட்ட பாடு மறந்திருக்காது. சம்பளம் போடும்போது இரண்டு சீட்டுப் போகிறது. ஒன்று, அட்வான்ஸ் பாக்கியில் 1,000 ரூபாய் பிடித்ததாகக் கழி. இரண்டு, சம்பளச் சீட்டை எழுது. முதலாவது முடிந்து இரண்டாவது போவதற்குள் கரண்ட் போய்விட்டால்? பாக்கி கழிந்துவிட்டது, சம்பளம் எழுதவில்லை. மறுபடியும் ஓட்டினால் இரண்டாம் தடவையும் கழியும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இரண்டும் நடந்தால் உறுதி செய், ஒன்று தவறினாலும் இரண்டையும் ரத்து செய் என்று சொல்வதற்குத்தான் டிரான்ஸாக்ஷன் இருக்கிறது. ஜாவாவில் நாம் சொல்லாவிட்டால் ஒவ்வொரு சீட்டும் தனித்தனியாகத் தானே உறுதியாகிவிடும். பைத்தானில் போஸ்ட்கிரஸுக்குப் பயன்படும் சைக்கோபிஜியில், நாம் 'கமிட்' சொல்லாமல் மூடினால் எழுதியதெல்லாம் போய்விடும். பதில் சரியாக வந்ததைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உறுதி செய்தோமா என்பதையும் பார்க்க வேண்டும்.

தம்பி தங்கைகளுக்கு

இன்று கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதித் தருகிறது. கேட்டால் அரை நிமிடத்தில் நூறு வரி வந்து விழுகிறது. சந்தோஷம். ஆனால் அது எழுதித் தருவதை உங்கள் பெயரில்தான் கம்பெனியில் போடப்போகிறீர்கள். அதனால் ஒவ்வொரு கட்டளைக்குப் பக்கத்திலும் விரலை வைத்து நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை வரி மாறியது என்று பார்த்தாயா? காலி வந்தால் என்ன செய்வாய்? திறந்ததை மூடினாயா? அரையை என்ன செய்தாய்? இந்த நான்குக்கும் பதில் இல்லாத புரோகிராமைச் சம்பளக் கணக்குக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

தொழில் நடத்துகிற முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் சொல்வதும் தொழிலாளியின் நோட்டு சொல்வதும் முரண்பட்டால், எடுத்த எடுப்பில் நோட்டைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பத்து நிமிடம் பாருங்கள். டெய்லரும் கைமடியும் செக்கிங் பெண்ணும் எழுதி வைத்திருக்கிற நோட்டைப் போல உங்கள் புரோகிராமைச் சோதித்துத் தருகிற ஆள் வேறு யாரும் கிடையாது. அதற்குச் சம்பளமும் தர வேண்டியதில்லை!

கட்டளை போடுவது சுலபம், அதிகாரம் இருந்தால் போதும். பதிலைப் பொறுமையாகக் கேட்பதற்குப் பண்பு வேண்டும். அந்தப் பண்பை இந்தக் கல்லூரியில் நமக்குச் சொல்லித்தந்தவர்கள் நம் ஆசிரியப் பெருமக்கள்.